குழாய் நம் மாநிலத்தில் ஓடுகிறது. அடுப்புக்கு ஏன் வரவில்லை?

கேஸ் தோம்பு எப்போது தீரும் என்று உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். விருந்தாளி வந்த அன்றுதான் தீரும் என்பார். தீபாவளிக்கு முதல் நாள், முறுக்கு எண்ணெயில் பாதி வெந்துகொண்டிருக்கும்போது நெருப்பு சுருங்கி அணையும். கடைக்குப் போன் போட்டு, தோம்பு வந்து சேரும்வரை பிசைந்த மாவு காயும். தண்ணீர் குழாயில் வருகிறது, மின்சாரம் கம்பியில் வருகிறது. கேஸ் மட்டும் ஏன் இன்னும் ஒருவர் தோளில் ஏறி வருகிறது?

பேராக்கில் இருக்கும் உங்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே உறுத்த வேண்டும். ஏனென்றால் குழாய் நம் மாநிலத்துக்கு வராமல் இல்லை. திரங்கானுவின் கெர்த்தேயில் தொடங்கும் பெட்ரோனாஸின் தீபகற்ப எரிவாயுக் குழாய்த்திட்டம் 1984இல் தன் முதல் கட்டத்தை முடித்தது. பிறகு தெற்கே ஜொகூர், சிங்கப்பூர் வரையிலும், 1990களில் மேற்குக் கரையோரமாக வடக்கே பெர்லிஸ் வரையிலும் நீண்டது. மஞ்சோங் மாவட்டத்தில் உள்ள செகாரி மின் நிலையம் அந்த எரிவாயுவுக்காகக் கட்டப்பட்டதுதான். உங்கள் வீட்டு ரைஸ் குக்கரில் சோறு வேகும்போது, மின்சாரமாக உருமாறிய எரிவாயுவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அடுப்புக்கு மட்டும் அது நேராக வருவதில்லை.

இரண்டும் ஒரே எரிவாயு அல்ல என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தோம்பில் இருப்பது புரோபேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. குழாயில் ஓடும் இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். புரோபேனையும் பியூட்டேனையும் நம் ஊர் வெயிலிலும் மிதமான அழுத்தம் கொடுத்துத் திரவமாக்கிவிடலாம். திரவமானால் ஏறக்குறைய 250 மடங்கு சுருங்கும். அதனால்தான் ஒரு மாதச் சமையல் 14 கிலோ தோம்பில் அடங்குகிறது. தோம்பைக் குலுக்கினால் உள்ளே தளும்புவது அந்தத் திரவம்தான். (குலுக்க வேண்டாம். நான் குலுக்கித் திட்டு வாங்கியிருக்கிறேன்.) மீத்தேனோ பிடிவாதக்காரன். சுமார் மைனஸ் 83 பாகை செல்சியசுக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. சாதாரண அழுத்தத்தில் திரவமாக்க மைனஸ் 162 பாகைக்குக் குளிர வைக்க வேண்டும். ஆகவே அதை வீட்டுக்குக் கொண்டுவரக் குழாய்தான் வழி. குழாயா தோம்பா என்று முதலில் முடிவு செய்வது அமைச்சரும் இல்லை, கம்பெனியும் இல்லை; மூலக்கூறுதான்.

அடுத்து வருவது கணக்கு. 14 கிலோ தோம்பில் உள்ள ஆற்றல் ஏறக்குறைய 18 கன மீட்டர் இயற்கை எரிவாயுவுக்குச் சமம். மாதம் ஒரு தோம்பு என்று வைத்தால், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 215 கன மீட்டர் போதும். பிரிட்டனில் ஒரு சராசரி வீடு ஆண்டுக்கு 1,000 கன மீட்டர் அளவில் எரிக்கிறது. அவர்கள் ஐந்து மடங்கு சாப்பிடுவதில்லை. குளிர்காலத்தில் வீட்டையே சூடாக்குகிறார்கள். நமக்கோ ஈப்போ வெயிலே போதும். தெருவைத் தோண்டி, குழாய் பதித்து, மீட்டர் பொருத்தும் செலவு இரண்டு நாட்டிலும் உண்டு. ஆனால் இங்கே அந்தக் குழாய் வழியாக விற்கும் சரக்கு ஐந்தில் ஒரு பங்குதான். அதோடு நம் தோம்புக்கு அரசாங்கம் கிலோவுக்கு 1 ரிங்கிட் 90 சென் என்று உச்சவிலை வைத்து மானியமும் தருகிறது. 26 ரிங்கிட் 60 சென் தோம்போடு போட்டி போட்டு எந்தக் கம்பெனி உங்கள் தாமானுக்குக் குழாய் போடும்? 1992இல் தொடங்கப்பட்ட கேஸ் மலேசியா விற்கும் எரிவாயுவில் ஏறக்குறைய எல்லாமே தொழிற்சாலைகளுக்குத்தான் போகிறது. ரப்பர் கையுறை ஆலைகள் அதில் பெரிய வாடிக்கையாளர்கள். பால்மரத் தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் தோம்பு. ரப்பர் பாலைக் கையுறையாக்கும் ஆலைக்குக் குழாய்!

இதே கணக்கை உங்கள் தாத்தா பாட்டி வேறு விதமாகப் பார்த்திருப்பார்கள். பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு ஜெனரேட்டர் மின்சாரம்தான், அதுவும் மாலையில் சில மணி நேரம். பக்கத்துப் பட்டணத்தில் விளக்கு எரியும், இங்கே மண்ணெண்ணெய் விளக்கு. வீடுகள் சிதறிக் கிடக்கின்றன, கம்பி இழுத்தால் கட்டாது என்பதே அன்றைய வாதம். பிறகு மின்சாரம் வந்தது. கணக்கு மாறியதால் வரவில்லை, மின்சாரம் இல்லாமல் ஒரு குடும்பம் வாழ முடியாது என்று முடிவானதால் வந்தது. குழாய் எரிவாயுவுக்கும் அப்படி ஒரு வாதம் உண்டா? எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. தோம்பு எந்தத் தோட்டத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே எல்லா வீட்டுக்கும் குழாய் வேண்டும் என்று மனுக் கொடுப்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

ஆனால் யாருக்கும் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். குழாய் பெரிய அடுப்பைத் தேடித்தான் போகும். அப்படியானால் அந்தப் பெரிய அடுப்பின் அருகில் இருக்கும் வீடுகளை ஏன் விட வேண்டும்? புந்தோங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களின் கச்சாங் பூத்தே தொழில் அங்கே தலைமுறைகளாக நடக்கிறது. கடலையும் முறுக்கும் பொரியும் எண்ணெய்க் கொப்பரைக்கு நாள் முழுக்க வெப்பம் தேவை. பக்கத்திலேயே அடுக்குமாடி வீடுகளும் இருக்கின்றன. அடுக்குமாடியில் ஒரே குழாய் பல குடும்பங்களுக்குப் போதும். நான்காம் மாடிக்குத் தோம்பு தூக்கும் வேலையும் மிச்சம்.

இந்தியாவில் இதற்கு ஒரு விதி உண்டு. ஒரு மாவட்டத்தில் எரிவாயு விநியோகிக்கும் உரிமைக்கு ஏலம் கேட்கும் நிறுவனம், எத்தனை வீடுகளுக்கு இணைப்புத் தரும் என்றும் உறுதி சொல்ல வேண்டும். 2018இல் நடந்த ஒன்பதாம் சுற்று ஏலத்தில் மற்ற எதைவிடவும் அந்த எண்ணிக்கைக்குத்தான் அதிக மதிப்பெண். ஆலையில் லாபம் பார்ப்பவர் அடுப்பையும் கவனிக்கட்டும் என்பதே இதன் பொருள். பேராக்கிலும் ஆலைக்குக் குழாய் போடும் உரிமத்தோடு, வழியில் இருக்கும் அடுக்குமாடிகளையும் சிறு தொழில்களையும் சேர்த்துக் கட்டினால் என்ன?

"புத்ரா ஹைட்ஸை மறந்துவிட்டீர்களா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 2025 ஏப்ரல் 1ஆம் தேதி அங்கே குழாய் வெடித்து நெருப்பு வானம்வரை எழுந்தது; நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அது நாட்டின் முதன்மைக் குழாய். அதற்குள் இருப்பது வளிமண்டலத்தைப்போல் பல பத்து மடங்கு அழுத்தம். வீட்டு அடுப்புக்கு வரும் குழாயில் பலூன் ஊதும் அளவு அழுத்தம்தான். மீத்தேன் காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே போகும். எல்பிஜி கனமானது, தரையில் தேங்கிப் பொறிக்காகக் காத்திருக்கும். இரண்டிலும் ஆபத்து உண்டு, ஆனால் ஒன்றின் பயத்தை இன்னொன்றின் மேல் ஏற்றக்கூடாது. மக்கள் குடியிருக்கும் இடத்துக்கும் முதன்மைக் குழாய்க்கும் எவ்வளவு தூரம் வேண்டும் என்பதுதான் புத்ரா ஹைட்ஸ் எழுப்பிய கேள்வி. அதை எளிதில் விட்டுவிடக்கூடாது.

சுங்கை சிப்புட் பக்கமும் தெலுக் இந்தான் பக்கமும் சிதறிக் கிடக்கும் பழைய தோட்டங்களுக்கு இந்த வழி பொருந்தாது. ஆனால் பால்மரம் போன இடத்தில் பல ஊர்களில் செம்பனை வந்திருக்கிறது. செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளத்தில் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் மீத்தேனைத்தான் உண்டாக்குகின்றன. கெர்த்தேயிலிருந்து குழாயில் வரும் அதே மூலக்கூறு! காற்றில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமிலவாயுவைவிட 28 மடங்குக்குக் குறையாமல் பூமியைச் சூடேற்றும். 2014 முதல் புதிய ஆலைகள் அதைப் பிடித்து வைக்கும் ஏற்பாட்டோடுதான் வர வேண்டும் என்பது விதி. பிடித்ததை ஆலை தன் கொதிகலனுக்கோ மின்சாரத்துக்கோ பயன்படுத்திக்கொள்கிறது. ஆலைக்கு நடந்து போகும் தூரத்தில் தொழிலாளர் குடியிருப்பு இருந்தால், சுத்திகரித்த வாயுவை அங்கே ஒரு சிறு குழாயில் தர நாட்டின் முதன்மைக் குழாய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கந்தக வாயுவை நீக்கவும் கசிவைக் கண்காணிக்கவும் செலவாகும்தான். அந்தச் செலவு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, உங்கள் பள்ளி அறிவியல் விழாவுக்கு யாராவது ஒரு திட்டம் செய்யுங்களேன். ஆலைக்குப் பின்னால் மூடாத குளம் இருந்தால், வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே குமிழிகள் தெரியும்.