எண்ணூறுக்கு எத்தனை பந்து வேண்டும்?

டெஸ்ட் கிரிக்கெட்டில் முத்தையா முரளிதரன் எடுத்த 800 விக்கெட்டை இனி யாராவது எட்டுவார்களா என்று கேட்டால், மாட்டார்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்குப் பலரும் சொல்லும் காரணத்தை நான் ஏற்கவில்லை. இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமை கிடையாது, இருபது ஓவர் ஆட்டம் எல்லோரையும் கெடுத்துவிட்டது என்கிறார்கள். அச்சரப்பாக்கம் டீக்கடை பெஞ்சிலும் இதே பேச்சுதான். கணக்கை எடுத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

முரளி 1992 முதல் 2010 வரை 133 டெஸ்ட் ஆடினார். வீசியது 44,039 பந்து. அதாவது 55 பந்துக்கு ஒரு விக்கெட். நம்ம அஸ்வின் 106 டெஸ்டில் 27,246 பந்து வீசி 537 விக்கெட் எடுத்தார். 51 பந்துக்கு ஒன்று. இரண்டு பேரில் சீக்கிரம் விக்கெட் எடுத்தவர் அஸ்வின்! முரளிக்குக் கிடைத்த அத்தனை பந்தும் அவருக்குக் கிடைத்து, இதே வேகத்தில் போயிருந்தால் 860ஐத் தாண்டியிருப்பார்.

இதனால் முரளியைவிட அஸ்வின் பெரியவர் என்று ஆகிவிடாது. அஸ்வினின் 537இல் 383 இந்திய மண்ணில் வந்தவை. முரளியோ 1998இல் லண்டன் ஓவல் மைதானத்தில், இங்கிலாந்துக்கு எதிராக, ஒரே டெஸ்டில் 16 விக்கெட் எடுத்தவர். அவர் கணக்கில் 176 விக்கெட் வங்கதேசமும் ஜிம்பாப்வேயும் கொடுத்தவைதானே என்று கழிப்பவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கழித்தல் பிடிக்காது. எதிரே யார் வந்தாலும் பந்து வீசித்தான் ஆக வேண்டும், தோளும் தேயத்தான் செய்யும். நான் சொல்ல வருவது வேறு. 800 என்பது திறமையால் மட்டும் வந்த எண் அல்ல, பந்து கையில் கொடுக்கப்பட்டதால் வந்த எண்.

ஒரு டெஸ்டுக்குச் சராசரியாக 55 ஓவர் வீசினார் முரளி. இலங்கை கேப்டன்கள் ஒரு முனையை அவரிடம் கொடுத்தால் சாயங்காலம்தான் திரும்பப் பெறுவார்கள். அஸ்வினுக்கு அது 43 ஓவர். உள்ளூரில் மறுமுனையில் ஜடேஜா பங்கு போட்டார். வெளிநாடு போனாலோ பல ஆட்டங்களில் வெளியே உட்கார வைத்தார்கள். 2021இல் தொடங்கிய இங்கிலாந்துத் தொடரின் ஐந்து டெஸ்டில் ஒன்றில்கூட அவர் இல்லை. 2023 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்திலும் இல்லை. 2024 டிசம்பர் 18 அன்று, ஆஸ்திரேலியத் தொடரின் நடுவில், பிரிஸ்பேனில் ஓய்வை அறிவித்துவிட்டு ஊர் திரும்பினார். அந்தச் செய்தியைப் படித்தபோது வந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தமிழ்நாட்டுக்கு இது பழகிய கதை. ஏ.ஜி. ராம்சிங் 1934இல் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் 11 விக்கெட் எடுத்தார். மைசூர் அணி ஒரே நாளில் தோற்றுப்போனது. அவருக்கு ஒரு டெஸ்டும் கிடைக்கவில்லை. லெக் ஸ்பின் வீசிய வி.வி. குமார் 1961இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான தன் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து விக்கெட் எடுத்தவர். ஆடியது மொத்தம் இரண்டு டெஸ்ட். முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்ததோ 599 விக்கெட். வெங்கட்ராகவன் 1965 முதல் 1983 வரை இந்தியாவுக்கு ஆடினார். முரளிக்கு இருந்த அதே பதினெட்டு ஆண்டு. ஆனால் கிடைத்தது 57 டெஸ்ட், 156 விக்கெட்.

அமெரிக்காவின் பேஸ்பாலிலும் இதே விவாதம் ஓடுகிறது. அங்கே பந்து எறிபவரின் கணக்கில் வெற்றிகளைச் சேர்ப்பார்கள். 300 வெற்றி என்பது பெரிய மைல்கல். கடைசியாக 2009 ஜூனில் ராண்டி ஜான்சன் அதைத் தொட்டார். அதற்குப் பிறகு யாரும் இல்லை. 1983இல் பிறந்த ஜஸ்டின் வெர்லாண்டர் 260ஐத் தாண்டியும் 300 அவருக்கு எட்டாக்கனியாகவே தெரிகிறது. எறிபவர்கள் மட்டமாகிவிடவில்லை. ஐந்து பேரை முறை வைத்து இறக்குகிறார்கள், நூறு பந்தை ஒட்டி மாற்றிவிடுகிறார்கள். மிச்ச ஆட்டத்தை வேறு ஆட்கள் முடிக்கிறார்கள். முழங்கையைக் காப்பாற்ற வேண்டுமே! நம்ம பும்ராவும் 2025 இங்கிலாந்துத் தொடரில் ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் ஆடினார். முதுகில் அடிபட்ட மனிதரை ஓய்வெடுக்க விடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். எண்ணுக்காக உடம்பைப் பலி கொடுக்கச் சொல்பவன் இல்லை நான்.

என் கோபம் எல்லாம் ஆட்டத்தையே குறைப்பவர்கள் மேல்தான். தென்னாப்பிரிக்காவின் ரபாடா 11,817 பந்தில் 300 விக்கெட் எடுத்தவர், வேறு யாரும் இத்தனை குறைந்த பந்தில் எடுத்ததில்லை. அவர் நாடு 2024 தொடக்கத்தில் நியூசிலாந்துக்கு இரண்டாம் நிலை அணியை அனுப்பியது, உள்நாட்டு இருபது ஓவர் லீக் நடக்கிறதாம். 2025இல் டெஸ்ட் உலக சாம்பியன் ஆனார்கள். அடுத்து வந்த கோடைக்காலத்தில் சொந்த மண்ணில் ஒரு டெஸ்ட்கூட இல்லை. முரளி 2006இல் 11 டெஸ்டில் 90 விக்கெட் எடுத்தார். அதே இலங்கை 2025இல் ஆண்டு முழுக்க ஆடியது நான்கே டெஸ்ட். முரளியைப்போல் டெஸ்டுக்கு ஆறு விக்கெட் எடுக்கும் ஒருவர் இன்று காலியில் பிறந்து வளர்ந்தாலும், ஆண்டுக்கு 24 விக்கெட்தான். 800ஐ எட்ட 33 ஆண்டு வேண்டும்.

எங்கள் பக்கம் பங்குனி, சித்திரையில் ஏரி வற்றினால் அதுதான் மைதானம். அங்கே ஆஃப் ஸ்பின் வீசும் ஒரு பையனை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். டென்னிஸ் பந்தையே திருப்புகிறான். "இன்னும் போடேன்பா" என்றேன். "ஆளுக்கு ரெண்டு ஓவர்தாண்ணா, மேட்ச்சே எட்டு ஓவர்" என்றான். பன்னிரண்டு பந்தில் ஒரு பேட்ஸ்மேனின் காலசைவைக்கூட அவன் படித்து முடிக்க முடியாது. அடி வாங்கி, அடுத்த ஓவரில் அதே ஆளைத் தூண்டில் போட்டு எடுக்கிற வித்தை எப்போது கைக்கு வரும்? ஊர்ப் போட்டி நடத்தும் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள்: ஆண்டில் ஒரு போட்டியையாவது முப்பது ஓவருக்கு நடத்துங்கள், நன்றாக வீசுகிறவனைத் தொடர்ந்து வீச விடுங்கள்.

மேலே இருப்பவர்களுக்கும் ஒன்று. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் விதிப்படி ஒரு தொடருக்கு இரண்டு டெஸ்ட் போதும். இந்தியாவும் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் தங்களுக்குள் ஐந்தைந்தாக ஆடிக்கொள்கின்றன. அந்த இரண்டைக் குறைந்தது மூன்றாக்க வேண்டும். இலங்கையின் பிரபாத் ஜெயசூர்யா 2022இல் காலியில் தன் முதல் டெஸ்டிலேயே ஆஸ்திரேலியாவின் 12 விக்கெட்டை எடுத்தவர். ஏழே டெஸ்டில் ஐம்பதைத் தொட்ட அந்த இடக்கைச் சுழல்காரர் அணிக்குள் வந்தபோதே வயது முப்பது. அவரிடம் யாரும் 800 கேட்கவில்லை. மூன்றாவது டெஸ்டை அவருக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.