டாக்குரியாவின் தயிர்ச் சட்டி

கல்கத்தாவின் டாக்குரியா ஏரிக்கரையில் மாலையில் உலாவிவிட்டு, மிட்டாய்க் கடையொன்றில் நுழைந்து, சுண்டக் காய்ச்சிய பாலில் உறைந்து பழுப்பேறிய மிஷ்டி தோய் என்னும் இனிப்புத் தயிரை மண்சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயிலிடும்போது, பாலின் சர்க்கரையை அமிலமாக்கி அதனைக் கட்டியாக உறையச் செய்த பாக்டீரியாக்களின் உழைப்பை நாம் நினைப்பதில்லை. பாக்டீரியா என்றதுமே வியாதியை எண்ணி அஞ்சுகிறோம். அந்த அச்சத்துக்கு இந்நகரத்துச் சரித்திரமும் ஒரு காரணம். 1884-ல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்ததும், அதனைக் குளத்து நீரிலே கண்டதும் கல்கத்தாவில்தான். அக்கிருமியின் நஞ்சே குடலைத் தாக்குகிறது என்பதை 1959-ல் நிறுவிய சம்புநாத் தே இந்நகரத்திலேயே உழைத்த மேதை. ஆயினும், நகரின் கிழக்கே பரந்து கிடக்கும் சதுப்பு நிலத்தில், லட்சோபலட்சம் மக்களின் சாக்கடை நீரை வெயிலின் துணையோடு சிதைத்து, பாசிக்கும், பாசியின் வழியே மீனுக்கும் ஆகாரமாக்கி, அம்மீனை மீண்டும் நகரத்தார் இலைக்கே அனுப்பிவைப்பதும் பாக்டீரியாக்களே அன்றோ? 2002-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்த 12,500 ஹெக்டேர் பரப்பில் ஒரு குளத்தையேனும் தூர்த்து மனை போட இனி அனுமதிக்கலாகாது.