மறைத்த நோய்க்கு மருந்து வராது

சென்ற புரட்டாசியில் என் மகள் அலிபிரியிலிருந்து நடந்தே திருமலை ஏறினாள். 3,550 படி. அவளுக்கு வயது 12. என் தோள்பையில் குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் டப்பா, ஈரத்துணி சுற்றிய இன்சுலின், மூன்று பொட்டலம் குளுக்கோஸ். காலி கோபுரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், "அம்மா, கை நடுங்குது" என்றாள். படியோரம் உட்காரவைத்து விரலில் குத்திப் பார்த்தேன். 61. எழுபதுக்குக் கீழே இறங்கினால் 'லோ'. குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். மறுபடி பார்த்தால் 94. எழுந்து நடந்தாள்.

பக்கத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா என் காதோடு சொன்னார்: "பொம்பளைப் புள்ள. இப்படி நாலு பேர் பாக்கக் குத்தாதம்மா. நாளைக்கு யாரு கட்டிக்குவாங்க?" என் மகள்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். அன்று அவருக்குச் சொல்ல முடியாமல் போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஆறு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. அப்போது நாங்கள் அதை அறியவில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். படுக்கையை நனைத்தாள். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனாள். சித்தூரில் ஒரு கிளினிக்கில் பூச்சி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். நான்காம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை 540. மூன்று நாள் ஐ.சி.யு.வில் கிடந்தாள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது என்றார் டாக்டர். "மிட்டாய் தின்றதால் வந்ததில்லை. உங்கள் தப்பும் இல்லை. ஆனால் இன்சுலினை ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது."

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அதை மறைத்ததுதான். சொந்தக்காரர்களிடம் சொல்லவில்லை, பள்ளிக்கும் சொல்லவில்லை. கல்யாண வீடுகளில் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போட்டேன். இரண்டாம் வகுப்பில் ஒரு நாள் அவள் மேசையில் தலை சாய்த்துக் கிடந்தாள். தூங்குகிறாள் என்று டீச்சர் நினைத்தார். அது லோ. ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரில் சரியாகியிருக்க வேண்டியது, வலிப்பு வரை போனது. டீச்சரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் சொல்லாதவள் நான். அன்றோடு மறைப்பதை விட்டேன்.

மறைப்பதால் நம் பிள்ளைக்கு மட்டும்தான் நஷ்டம் என்று அப்போது நினைத்தேன். பிறகுதான் மற்றது புரிந்தது: நோயை மறைக்காமல் முன்வந்தவர்களால்தான் எல்லோருக்கும் மருந்து வருகிறது. 1922 ஜனவரி 11-ம் தேதி கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். தகப்பனார் சம்மதித்தார். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை மேலும் சுத்தம் செய்து 23-ம் தேதி மறுபடி போட்டார்கள், பையன் தேறினான். என் பையில் இருக்கும் குப்பி அந்தத் தகப்பனாரின் சம்மதத்திலிருந்து வந்தது.

தினம் நான்கு ஊசி எதற்கு என்று மாமியார் கேட்பார். அதற்கும் பதில் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேர் 1983 முதல் 1993 வரை ஓர் ஆய்வுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். அடிக்கடி பரிசோதித்து, பல வேளை இன்சுலின் போட்டுச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் பிழைக்கும் என்று நிரூபணமானது. நோயாளிகளின் உறவினர்கள் 76 பேர் பங்கேற்ற இன்னொரு ஆய்வு, டெப்லிசுமாப் என்ற மருந்து நோய் வெளிப்படுவதைச் சுமார் இரண்டு ஆண்டு தள்ளிப்போடும் என்று 2019-ல் காட்டியது. 2022-ல் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது. என் மகளுக்கு ஒரு தம்பி இருக்கிறான். இரண்டு ஆண்டு என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. இளம் வயதில் சர்க்கரை நோய் வந்தவர்களுக்கான பதிவேட்டை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2006-ல் தொடங்கியது. டைப் 1-க்கென்றே 2022-ல் வழிகாட்டி நெறிமுறைகளையும் வெளியிட்டது. சித்தூர்க்காரர்களுக்கு ஒரு பக்கம் திருப்பதி ஸ்விம்ஸ், மறுபக்கம் வேலூர் சி.எம்.சி. இரண்டிலும் இதற்கான சிறப்புத் துறைகள் உண்டு. ஆனால் பதிவேட்டில் ஏறுவது ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளையின் பெயர்தான். வீட்டுக்குள் ஒளித்த பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது. கணக்கில் வராத பிள்ளைக்கு அரசு எப்படி இன்சுலின் ஒதுக்கும்? மே மாத வெயிலில் கரன்ட் போனால் மண்பானையில் குப்பி வைக்கும் நம் வீடுகளைப் பற்றி எந்த ஆய்வாளருக்குத் தெரியும்?

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஊசியை நிறுத்திவிடலாம், லேகியத்தில் தீரும், ஸ்டெம் செல்லில் தீரும் என்று பணம் கேட்டு வருகிறவர்கள் செய்வது ஆராய்ச்சி இல்லை. நேர்மையான ஆய்வு, கலந்துகொள்ளக் காசு கேட்காது. உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்கும். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அந்த ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அனுமதித்ததா என்று தைரியமாகக் கேளுங்கள்.

அரசிடம் நான் கேட்பது இரண்டு. இன்சுலினோடு ஸ்ட்ரிப்பும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாதம் மூவாயிரம் ரூபாய் ஸ்ட்ரிப்புக்கே போகிறது. அடுத்து, தாகமும் இளைப்பும் என்று எந்தப் பிள்ளை வந்தாலும் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பது ஒவ்வொரு கிளினிக்கிலும் வழக்கமாக வேண்டும். என் மகளுக்கு அந்த ஒரு சொட்டை முதல் நாளே எடுத்திருந்தால் ஐ.சி.யு. தேவைப்பட்டிருக்காது.

பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான். பள்ளியில் சொல்லுங்கள், சொந்தத்தில் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியில் பிள்ளையின் பெயரைப் பதியுங்கள். சிபிஎஸ்இ 2017 முதல் டைப் 1 பிள்ளைகளைப் பொதுத்தேர்வு அறைக்குள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதிக்கிறது. அதற்குக்கூட டாக்டர் சான்றிதழை நீட்டித்தான் ஆகவேண்டும்.

அந்தப் பெரியம்மாவுக்கு என் பதில் இதுதான்: ஊசியைப் பார்த்து விலகிப் போகிறவன் என் மகளுக்கு வேண்டாம். அவள் நாலு பேர் பார்க்கத்தான் குத்திக்கொள்வாள். அந்த நாலு பேரில் ஒருவர் தன் வீட்டுப் பிள்ளையின் தாகத்தை அன்று அடையாளம் கண்டுகொண்டால், அந்தப் பிள்ளை பிழைக்கும்.