சந்தையை மறந்த தூரிகை

தெய்வத் திருவுருவும் கோபுரமும் அந்திச் சூரியனும் சித்திரத்திற்கு உரியன. மீன்கூடையும் உரப்பையும் உரியனவல்ல என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இவ்வாறு எண்ணுவோர் தம் இலக்கியத்தையே மறந்தவராவர். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாட நாணவில்லை. இளங்கோவடிகள் மருவூர்ப்பாக்கத்து மீன் விற்போரையும் உப்பு விற்போரையும் காப்பியத்துள் இருத்தினார். புலவனுக்குத் தகுந்த பொருள் ஓவியனுக்கு மட்டும் தகாதோ?

தெருமாந்தர் தீட்டப்படவேயில்லை என்பதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை ஓவியர் ஆங்கிலேயருக்காகத் தொழிலாளரை நீர்வர்ணத்தில் தீட்டினர். குயவனும் மனைவியும், நெசவாளனும் மனைவியும் எனத் தொழில்தோறும் இணை இணையாக நிறுத்தினர். பெரும்பாலானவற்றில் பின்னே தெருவில்லை, கூட்டமில்லை, பேரமில்லை. வரைந்த கை தஞ்சையினது. நோக்கிய கண்ணோ வாங்குவோனது. மெக்சிக்கோவின் தியேகோ ரிவேரா 1945 இல் தேசிய மாளிகைச் சுவரில் தம் நாட்டின் பண்டைச் சந்தையைத் தீட்டியபோது, மாந்தரைச் சந்தையிலிருந்து பிரித்தெடுக்கவில்லை. வேறுபாடு திறமையிலன்று, நோக்கிலேயே உள்ளது.

துணுக்காயை எண்ணுக. வவுனிக்குளத்து மீன், பருவத்துப் பாலைப்பழம், உழுந்து, பயறு, துவிச்சக்கரவண்டியிற் கட்டிய மூட்டை: இவையே வன்னிச் சந்தையின் வண்ணங்கள். 2008 இல் போர் அவ்வூரை வெறுமையாக்கியது. 2009 இன் இறுதியிலேயே மக்கள் மீளத் தொடங்கினர். கடைகளை மீண்டும் கட்டலாம். எவர் எங்கே அமர்ந்திருந்தார், எந்த நிழலில் எவர் தராசு தொங்கியது என்பதை எதைக்கொண்டு மீட்பது?

புகைப்படம் போதாதோ என்பர் சிலர். படமும் அழியும், சித்திரத்தாளும் அழியும் என்பது மெய்யே. ஆயின் ஒரு மணிநேரம் ஒருவரை உற்றுநோக்கி வரைந்தவன் நெஞ்சில், தாள் அழிந்த பின்னரும் அவர் நிலைத்திருப்பார். அதற்கு நீர்வர்ணம் ஏற்ற சாதனம். சிறு வர்ணப்பெட்டியும் ஒரு குவளை நீரும் போதும். விரைவில் உலரும். வன்னியின் நண்பகல் வெயிலைக் காட்ட வர்ணமும் வேண்டா. தாளின் வெண்மையைத் தீண்டாது விட்டாற் போதும்.

ஆதலின் சித்திர வகுப்புகள் அச்சுப்படத்தைப் பார்த்தெழுதுவதை விடுத்துச் சந்தைக்குச் செல்லட்டும். பல்கலைக்கழகங்களும் உடன் செல்லட்டும். தன் சந்தையைத் தானே வரையாத சமூகம், பிறர் தாளில் வெறும் மாதிரிப்பொருளாகவே நிற்கும்.