வந்தானும் வந்திருக்கிறானும்

ஆங்கில இலக்கணத்தில் தமிழ் மாணாக்கரைப் பெரிதும் மருட்டுவது 'பிரஸென்ட் பெர்பெக்ட்' என்னும் காலமேயாம். நிறைவு நிகழ்காலம் என அதனைத் தமிழில் வழங்கலாம். செயலோ முடிந்துவிட்டது, பெயரோ நிகழ்காலம். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றே காலம் கற்று வந்த நாம் இதனைக் கண்டு மயங்குதல் இயல்பே.

கிராமப் பாடசாலை ஒன்றில் தமிழ் வாயிலாகப் பயின்று கல்லூரி புகுந்தவன் யான். முதலாண்டில் ஒருநாள், முந்தின நாள் வகுப்பிற்கு வாராமை குறித்து ஆசிரியர் வினவினார். 'ஐ ஹாவ் கான் ஹோம் எஸ்டர்டே' என்று எழுந்து விடையிறுத்தேன். வகுப்பு நகைத்தது. 'எஸ்டர்டே' வருமிடத்து 'ஹாவ்' வரலாகாது என்னும் விதி உரைக்கப்பட்டது; ஏன் வரலாகாது என்பது உரைக்கப்படவில்லை. அதன்பின் பல திங்கள் அவ்வகுப்பில் யான் வாய் திறந்திலேன். காரணம் கூறாத விதி மனப்பாடமாகுமேயன்றி அறிவாகாது. நகைப்பிற்கு அஞ்சி வாய் மூடியிருப்போர் இன்றும் நம்மிடையே பலர் உளர். அவர்பொருட்டே இதனை எழுதத் துணிந்தேன்.

இக்காலத்தைத் தமிழ் மாணாக்கர்க்குத் தமிழைக் கொண்டே விளக்குதல் வேண்டும் என்பது என் கருத்து. 'தம்பி வந்தான்' என்பது வருகையை மட்டும் கூறும். வந்தவன் மீண்டு போயிருத்தலும் கூடும். 'தம்பி வந்திருக்கிறான்' எனின், அவன் இப்பொழுது வீட்டில் உளன் என்பது போதரும். இச்சொல்லைப் பிரித்து நோக்குவோம். 'வந்து' என்பது செய்தென்னும் வாய்பாட்டு இறந்தகால வினையெச்சம். 'இருக்கிறான்' என்பதிலுள்ள 'கிறு' நிகழ்கால இடைநிலை. முடிந்த செயலும் நிகழும் நிலையும் ஒரு சொல்லில் கூடி நிற்கின்றன. 'ஹி ஹாஸ் கம்' என்பதும் இத்தகையதே. 'கம்' முடிந்த வினையைக் காட்ட, 'ஹாஸ்' நிகழ்காலத்தைக் காட்டுகின்றது. அது 'ஹாட்' எனத் திரியின் 'வந்திருந்தான்' ஆதல் காண்க. நனைந்த முற்றத்தைக் கண்டு 'மழை பெய்திருக்கிறது' என்று கூறும் சிறுவனும் இக்காலத்தை அறிந்தவனே. அதன் ஆங்கிலப் பெயரை மட்டும் அவன் அறியான்.

எனினும் இரு மொழியும் எங்கும் ஒத்துச் செல்லும் என மயங்கலாகாது. வேறுபடும் இடங்கள் இரண்டனைச் சிறப்பாகக் காட்டுதல் வேண்டும். 'அவர் நேற்றே வந்திருக்கிறார்' என்பது தமிழில் வழுவன்று. ஆங்கிலமோ இக்காலத்தில் 'இன்று' என்னும் நிலையில் நின்றே பேசும். கழிந்துபோன நாளைச் சுட்டியவுடன் 'ஹி கேம் எஸ்டர்டே' என இறந்தகாலத்திற்குச் சென்றுவிடும். என் பிழை இதுவே. இனி, 'பத்து ஆண்டுகளாக இவ்வூரில் வசிக்கிறோம்' என நாம் நிகழ்காலத்தாற் கூறுவதை, ஆங்கிலேயர் 'வீ ஹாவ் லிவ்ட் ஹியர் பார் டென் இயர்ஸ்' என நிறைவு நிகழ்காலத்தாற் கூறுவர். 'பத்து ஆண்டுகளாக' என்னும் கால அளவிற்குப் 'பார்' வரும். '2015 முதல்' என்னும் தொடக்கத்திற்கு 'ஸின்ஸ்' வரும். இவ்விரண்டும் விளங்கினால் நம் பிழைகளிற் பெரும்பாலன நீங்கும்.

ஆங்கில வகுப்பிற் தமிழ் புகுந்தால் மாணாக்கர் ஆங்கிலத்தில் எண்ணப் பழகார் என்பர் சிலர். பேச்சுப் பயிற்சி முழுதும் ஆங்கிலத்திலேயே நிகழ்தல் வேண்டும் என்பதை யானும் உடன்படுகிறேன். ஆயின், இலக்கணத்தின் காரணத்தை விளக்கும் சிறுபொழுதிற்கும் தாய்மொழியை விலக்குதல் எற்றுக்கு? இத்தாலி நாட்டினின்று வந்த வீரமாமுனிவர், பேச்சுத் தமிழுக்கு இலத்தீன் மொழியில் இலக்கணம் செய்தார். அந்நூல் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. ஐரோப்பியக் குருமார் தாம் அறிந்த மொழியின் வாயிலாகத் தமிழைக் கற்றனர். அவர்க்கு இழுக்காகாத நெறி நமக்கு மட்டும் இழுக்காகுமோ?

ஆதலின் ஆசிரியப் பெருமக்கள், விதியைக் கரும்பலகையில் எழுதுமுன் 'வந்தான்', 'வந்திருக்கிறான்' என்னும் இரு சொற்களை எழுதி, இவற்றின் வேறுபாடு யாதென மாணாக்கரை வினவுவாராக. கடைசி வரிசையில் அமர்ந்து வாய் மூடியிருப்பவனும் அதற்கு விடை கூறுவான். ஒருமுறை வாய் திறந்தவன் பின்னர் ஆங்கிலத்திலும் அஞ்சாது பேசுவான் என்பது என் துணிபு.