கண்ணை மூடுங்கோ, பிறகு காதைப் பற்றிக் கதைப்பம்

“மச்சான், போனில கேக்கிறதெல்லாம் பாட்டா? ஒருக்கா இதில கேட்டுப் பார், அப்ப தெரியும்.”

எங்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. சொல்பவரின் கையில் ஒரு சின்னப் பிளேயர் இருக்கும். ஒரு மாதச் சம்பளம் அதற்குள் போயிருக்கும். நாங்களும் வாங்கிக் காதில் வைத்துவிட்டு, “ஓமடா, வித்தியாசம் இருக்குத்தான்” என்று தலையாட்டுவோம். ஆட்டாவிட்டால் ‘உனக்குக் காது இல்லை’ என்ற பட்டம் கிடைத்துவிடுமே!

அந்தப் பயத்தை வைத்துத்தான் இங்கே ஒரு வியாபாரமே நடக்கிறது.

2016 இல் சோனி ஒரு வோக்மன் விட்டது. செப்பில் செய்து தங்கமுலாம் பூசிய உடல். எடை அரைக் கிலோவுக்குக் கிட்ட. விலை 3,200 டொலர் அளவில். அதற்கு முதல் வருடம் ‘நல்ல ஒலிக்கென்றே’ ஒரு மெமரி கார்ட் விட்டார்கள். 64 ஜி.பி., 18,500 யென். மின் இரைச்சல் குறையுமாம். எந்தக் கார்ட்டில் போட்டாலும் ஒரே கோப்பில் இருப்பது அதே 0, அதே 1 தானே? இதற்கும் ‘சத்தம் பட்டு மாதிரி இருக்கு’ என்று எழுத ஆட்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எங்கட கோபம்.

நாங்களும் இதில் ஏமாந்தவர்கள்தான். எங்களில் ஐந்து பேர் விலை கூடின பிளேயர் ஒன்றையும் ஒரு பழைய போனையும் வைத்து, ஒரே இயர்போனில் ஒரே பாட்டைக் கேட்டோம். ஐந்து பேரும் பிளேயர்தான் திறம் என்றோம். பிறகு ஒருத்தி மல்ரிமீற்றரை எடுத்து வந்தாள். 1 கிலோஹேர்ட்ஸ் சோதனை ஒலியைப் போட்டு அளந்தால், பிளேயரின் சத்தம் கொஞ்சம் கூட! இரண்டையும் ஒரே வோல்ற்றேஜுக்குக் கொண்டுவந்து, எது எதுவென்று தெரியாமல் துணியால் மூடிவிட்டு, அவளே மாத்தி மாத்திச் செருகினாள். அதோடு எங்கட ஞானம் முடிந்தது. ஊகம் பாதி சரி, பாதி பிழை. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

இதில் புதினம் ஒன்றும் இல்லை. சத்தம் ஒரு துளி கூடினால் காது அதைக் ‘கூடச் சத்தம்’ என்று எடுக்காது, ‘கூடத் தெளிவு’ என்றுதான் எடுக்கும். 2007 இல் அமெரிக்காவில் மேயரும் மொரானும் வெளியிட்ட ஆய்வில், உயர்தர ஒலித்தட்டுகளை அப்படியே ஒருக்காலும், சீடியின் தரத்துக்கு (16 பிற், 44.1 கிலோஹேர்ட்ஸ்) இறக்கி இன்னொருக்காலும் போட்டுக் காட்டினார்கள். 554 தடவையில் சரியாகச் சொன்னது 276. பாதிகூட இல்லை. சீடி 22 கிலோஹேர்ட்ஸ் வரை கொண்டுவரும். மனிதக் காது 20க்கு மேல் கேட்காது, வயது போகப் போக அதுவும் குறையும். அப்படியிருக்க, பெட்டியில் ஒட்டின ‘96 கிலோஹேர்ட்ஸ்’ ஸ்ரிக்கர் ஆருக்கு? வௌவாலுக்கா?

அதுக்காகப் பிளேயர்கள் எல்லாம் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. சிலதில் பாட்டு இல்லாத இடத்தில் ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் கேட்கும். சிலது 300 ஓம் ஹெட்போனைத் தள்ளமாட்டாது. இதெல்லாம் அளந்து பார்க்கக் கூடியவை. ஆனால் பெரிய வித்தியாசம் காதில் வைக்கிற சாமானில்தான் இருக்கிறது. இயர்போனின் ரப்பர் காதுக்குப் பொருந்தாவிட்டால் தங்கப் பெட்டியிலிருந்தும் பாஸ் வராது. புளூடூத்தில் கேட்கிறவருக்கு இன்னொன்று: அங்கே இலக்கத்தை ஒலியாக மாற்றுகிற சிப் இயர்போனுக்குள்ளேயே இருக்கிறது. பிளேயரில் உள்ள விலை கூடின சிப் சும்மா நித்திரை. யூரியூப்பிலிருந்து இறக்கின பாட்டை ஃபிளாக்காக மாத்தி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: ஒருக்கா நசுக்கிப் போனது போனதுதான், கோப்பின் பெயரை மாத்தி அதைத் திருப்பி எடுக்கேலாது.

90களில் யாழ்ப்பாணத்தில் பற்றரிக்குத் தடை. எங்கட அம்மா அப்பா சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைச் சுத்தி, டைனமோவில் பாட்டுக் கேட்ட ஆட்கள். ‘அதாலே உங்களுக்கு மலிவுச் சாமான் போதும்’ என்று சொல்ல இந்தக் கதையை எடுக்கவில்லை. நல்ல ஒலி எல்லாருக்கும் உரியது. அதனால்தான் எது நல்லது என்று விலைத் துண்டு தீர்மானிக்க விடக்கூடாது என்கிறோம். கடைக்கு நின்று உழைக்கிற பெடியன், தன்ர போனில் பாட்டுக் கேட்க வெட்கப்படுகிற நிலைக்கு வந்திருக்கிறான். அந்த வெட்கத்தை உண்டாக்கினவர்கள் ஒருநாளும் கண்ணை மூடிக் கேட்டதில்லை.

காதில் உண்மையான அக்கறை இருந்தால் விமர்சகர்கள் இதையும் சொல்லியிருப்பார்கள்: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் 4 மணித்தியாலம்தான். கேள்வி போனால் எந்தப் பிளேயர் வாங்கியும் திருப்பி வராது.

ஆகவே இனி ஆராவது ‘சத்தம் திறம்’ என்று எழுதினால் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரே கோப்பா? சத்தத்தைச் சமப்படுத்தினீர்களா? எது எதுவென்று தெரியாமல் கேட்டீர்களா? மூன்றுக்கும் ‘ஓம்’ வராவிட்டால் அவர் எழுதியிருப்பது விலைப்பட்டியல்.

நாங்கள் எழுதினாலும் இதையே கேளுங்கள்.