கறுப்பு மரச்சுவர்

உடைந்த நாற்காலிக் காலை ஆணியடித்து மாட்டினால் அது கலையாகிவிடுமா? லூயிஸ் நெவல்சன் என்னும் அமெரிக்கச் சிற்பியின் படைப்பைப் படத்தில் கண்டபோது நாங்களும் இப்படித்தான் கேட்டோம், சிரிக்கவும் செய்தோம்.

1899-இல் இன்றைய உக்ரைனில் பிறந்து, 1905-இல் அமெரிக்கா சென்ற பெண்மணி இவர். நியூயார்க் தெருக்களில் பிறர் எறிந்த பலகைத் துண்டுகளையும் நாற்காலிக் கால்களையும் மாடிப்படிக் கைப்பிடிகளையும் பொறுக்கி வந்தார். மரப்பெட்டிகளுக்குள் பொருத்திச் சுவர்போல் அடுக்கினார். பின்பு எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு வண்ணம்! 1958-இல் அவர் செய்த ‘வானப் பேராலயம்’ 11 அடிக்கும் அதிக உயரம்.

எங்கள் மனத்தை மாற்றியது அந்தக் கறுப்புதான். வண்ணம் ஒன்றானதும் நாற்காலி, கைப்பிடி என்ற பழைய பெயர்கள் மறைகின்றன. வளைவும் நிழலுமே கண்ணில் படுகின்றன. “எவரும் செய்யலாமே!” என்பார் உண்டு. பொறுக்குவது எளிது, எதை எங்கே வைப்பது என்பதல்லவா கடினம்? அவர் பெயர் பரவியபோது வயது ஏறக்குறைய 60.

1977-இல் நியூயார்க்கின் புனித பேதுரு லூத்தரன் ஆலயத்தில் நல்லாயன் சிற்றாலயத்தைப் பெரும்பாலும் வெள்ளையாக அமைத்தார். யூதப் பெண் ஒருவர் கிறிஸ்தவர்கள் செபிக்கச் செய்து தந்த இடம்! அங்கும் மரத்துண்டுகளே.

எங்கள் வகுப்பில் ஒருத்தி மட்டும் இன்னும் அதை விறகு என்றே சொல்கிறாள்.